அருகுன்னு ஒரு ஃபோல்டர்

முதல்ல ஒரு டிஸ்கிளெய்மர். எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு செகண்ட் லாங்வேஜ், அதுவும் மார்க்குக்காகப் படிச்சது. மேகசின் டீம் "உன் புராஜெக்ட் பத்தி எழுதேன்"னு கேட்டப்போ, ஒற்றுப்பிழை எல்லாம் நீங்கதான் திருத்தணும்னு கண்டிஷன் போட்டுத்தான் ஒத்துக்கிட்டேன். இங்கிலீஷ்ல எழுதியிருந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். ஆனா இதுல வர்ற முக்கியமான ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுதி முடிச்சதும் வாசிச்சுக் காட்டணும்னு ஆர்டர் வேற போட்டிருக்காங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மூணாவது மாடி லேப் ஜன்னலிலிருந்து மெஸ் பக்கம் பார்த்தீங்கன்னா ஒரு மஞ்சள் கட்டம் தெரியும். பிப்ரவரி கடைசியில் திடீர்னு வந்தது. வாலிபால் கோர்ட் போடறாங்கன்னு சிலர் சொன்னாங்க. ஏதோ பைப் வெடிச்சிடுச்சுன்னு சிலர். ஹாஸ்டல் குரூப்புல அதை வெச்சு மீம் கூட வந்தது. நானும் அதுக்குச் சிரிக்கிற எமோஜி போட்டேன்.

அது பைப் இல்ல. அது எங்க புராஜெக்ட்.

தலைப்பை முழுசா எழுதினா ரெண்டு வரி வரும், விடுங்க. கேம்பஸ் புல்வெளியை ஃபோனில் படம் எடுத்தா, எது லான் புல், எது களைன்னு கம்ப்யூட்டர் சொல்லணும். அதை கேம்பஸ் மேப் மேல கலர் போட்டுக் காட்டணும். அவ்வளவுதான். நாலு பேர் டீம். ஏற்கெனவே பழக்கின ஒரு ரெஸ்நெட் மாடலை எடுத்து, கடைசி லேயரை மட்டும் மாத்தி, நம்ம படங்களைக் கொடுத்துத் திரும்பப் பழக்கறது. இதைப் படிக்கிறவங்களில் பாதிப் பேர் இதே வேலையைத்தான் பண்ணிட்டிருப்பீங்க. புல்லுக்குப் பதிலா எக்ஸ்ரே இருக்கும், இல்லைன்னா ஹெல்மெட் போடாத பைக்காரர் இருப்பார்.

படம் எடுக்கிற வேலை ரெண்டே நாளில் முடிஞ்சது. 1,800க்கு மேல எடுத்தோம். நின்னபடியே ஃபோனைக் கீழ் நோக்கிப் பிடிச்சு, நடந்துகிட்டே க்ளிக். (இந்த "நின்னபடியே"வை ஞாபகம் வெச்சுக்கோங்க.) அடுத்தது லேபிள். மெஸ்ஸில் சாப்பாடு முடிஞ்சதும் ரெண்டு ராத்திரி உட்கார்ந்தோம். மூணு ஃபோல்டர்: அருகு, கொரியன், களை. எங்க ரூல்ஸ் என்ன தெரியுமா? மெத்தை மாதிரி, மெல்லிசா, அடர்த்தியா இருந்தா கொரியன். கொஞ்சம் விரல் விட்டுப் படர்ந்திருந்தா அருகு. பார்க்க நல்லா இல்லைன்னா களை. சத்தியமா இவ்வளவுதான். நாலு பேரில் ஒருத்தர் கூட ஒரு புல்லைக்கூடப் பிடுங்கிப் பார்க்கல.

எனக்காவது கொஞ்சம் உறைச்சிருக்கணும். ஆறாவது படிக்கும்போது பிள்ளையார் சதுர்த்திக்குப் பாட்டி அருகம்புல் பறிச்சிட்டு வரச் சொன்னாங்க. நாங்க இருந்தது சென்னையில் அபார்ட்மெண்ட். கீழே செக்யூரிட்டி அண்ணா தண்ணி விடற லான் இருந்தது. ஒரு கைப்பிடி பிடுங்கிட்டு வந்து பெருமையா நீட்டினேன். பாட்டி ஒரு செகண்டுதான் பார்த்தாங்க. "இது அருகு இல்லடி"ன்னு ஓரமா வெச்சுட்டாங்க. ஏன் இல்லைன்னு நான் கேட்கல, அவங்களும் சொல்லல. புல்லுன்னா புல்லுதானே, பாட்டிக்கு எதுலயும் குறைன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த இலை அகலமா, நுனி மழுங்கி இருந்தது இப்பவும் கண்ணுல நிக்குது. அது என்னன்னு இப்போ எனக்குத் தெரியும். கீழே சொல்றேன்.

செகண்ட் ரிவ்யூவில் எங்க அக்யூரசி 94 சதவீதம். பேனல் தலையாட்டினாங்க. எங்க கோடிங் பையன் அன்னைக்கே ஒரு கான்ஃபரன்ஸுக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பிட்டான். அவன் வெளிநாட்டுல எம்.எஸ். அப்ளை பண்ணிட்டிருக்கான், அவனுக்கு ஒரு பேப்பர் தேவை. மெயின்டனன்ஸ் ஆஃபீஸுக்கும் விஷயம் போச்சு. கலர் மேப்பை பிரிண்ட் எடுத்துக் கேட்டாங்க. நாங்க ஏ3 சைஸில், நாலு பேர் பேரும் போட்டுக் கொடுத்தோம். இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷத்துல எங்க வேலையை ஒருத்தர் நிஜமா யூஸ் பண்றார்னா அதுதான் முதல் தடவை. போட்டோ எல்லாம் எடுத்தோம்.

அந்த மேப்பில் மெஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு பெரிய கட்டம் சிவப்பு. சிவப்புன்னா களை. ஒரு சனிக்கிழமை காண்ட்ராக்ட் ஆளுங்க வந்து அங்கே களைக்கொல்லி அடிச்சிட்டுப் போனாங்க. எது எதுன்னு பார்க்காம எல்லாப் பச்சையையும் கருக்குற ரகம்.

நான் அடுத்த வாரம் எக்ஸ்ட்ரா படம் எடுக்கலாம்னு அந்தப் பக்கம் போனேன். தோட்டத்து அக்கா அங்கே குச்சி நட்டு, பழைய சேலைக் கிழிசலைச் சுத்திக் கட்டிட்டு இருந்தாங்க. எல்லாருக்கும் அவங்களைத் தெரியும், மெயின் கேட் பக்கம் ஹோஸ் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்களே. கட்டம் அதுக்குள்ள வாட ஆரம்பிச்சிருந்தது. எதுக்குக்கா கட்டறீங்கன்னு கேட்டேன். வாட்ச்மேன் அண்ணா தினமும் காலையில இங்கே பறிச்சுத்தான் ஜூஸ் போடறாராம். சங்கடஹர சதுர்த்திக்கு அக்காவும் இங்கேதான் பறிச்சுக் கட்டு கட்டி, கேட்டுக்கு வெளியே இருக்கிற பிள்ளையார் கோயில் வாசலில் பத்து ரூபாய்க்குக் கொடுப்பாங்களாம். மருந்து அடிச்சது தெரியாம யாரும் பறிச்சிடக்கூடாதுன்னு கட்டறாங்க.

"அத்தனையும் சொகமான அருகு கண்ணு. இதைப் போயி எவன் களைன்னு சொன்னான்?"

நான் பதில் சொல்லல. என் கையில் ஃபோன் இருந்தது. என்ன பண்றதுன்னு தெரியாம, அக்கா கொஞ்சம் இந்தப் படங்களைப் பாருங்களேன்னு அருகு ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். அவங்க விரலால தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. அஞ்சாறு படத்துலயே நிறுத்திட்டாங்க. "இதுல பாதி அருகு இல்லையே கண்ணு. மேலுக்கிருந்து புடிச்சா என்ன தெரியும்? குனிஞ்சு பாரு."

குனிஞ்சேன். அடுத்த பத்து நாள் காலையில ஆறரைக்கு அதுதான் என் வேலை. அதுல கத்துக்கிட்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன். படிச்சிட்டு ஒரு தடவை கிரவுண்டுக்குப் போய்ப் பாருங்க, ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் பிடிபடும்.

மொதல்ல கோரை. புல்வெளியில் சுத்தியிருக்கிறதைவிட கொஞ்சம் வெளிர் பச்சையா, பளபளன்னு தலையைத் தூக்கிட்டு நிக்கும். பூத்தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருட்டுங்க. உருளாது, மூணு பட்டை தட்டும். புல்லுக்குத் தண்டு உருண்டையாவோ தட்டையாவோ இருக்கும், மூணு பட்டை இருக்காது. கோரை புல்லே இல்லை, சைப்பரேசி குடும்பம். பிடுங்கினா மேல்பாகம் மட்டும் கையோட வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்துக்கும். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்குன்னு விக்கிறது அதோட சொந்தம்தான். அக்காவுக்கு அது வேற குடும்பம்னு சொன்னப்போ, "குடும்பம் எதுவா இருந்தா என்ன, ரோதனை ஒண்ணுதான்"னாங்க.

கொரியன் சுலபம். அட்மின் பிளாக் முன்னாடி இருக்கே, வெறுங்காலில் நடந்தா கொஞ்சம் குத்தும், வெட்டாம விட்டா மேடு மேடா உப்பிக்கும். இலை ஊசி மாதிரி சுருண்டிருக்கும். பூ வந்தா ஒரே ஒரு குட்டிக் கதிர். சொய்சியாங்கிற இனம். காமெடி என்னன்னா, நம்ம ஊர் நர்சரியில் கொரியன்னு விக்கிற இந்த மெல்லிசு ரகமும், அமெரிக்காவில் கொரியன் லான் புல்லுன்னு சொல்ற சொய்சியா ஜப்பானிக்காவும் வேற வேற. பேரை நம்பாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இன்னொரு உதாரணம் பஃபலோ கிராஸ். ஆஸ்திரேலியாக்காரர் அப்படிச் சொன்னா அது ஸ்டெனோடாஃப்ரம், அகல இலை, கடலோரப் புல். அமெரிக்கக்காரர் அதே பேரைச் சொன்னா அது அவங்க ஊர் மேய்ச்சல் வெளியில் காட்டெருமை மேஞ்ச வேற ஒரு மெல்லிசுப் புல். நம்ம நர்சரிக்காரர் சொன்னா, அன்னைக்கு அவர்கிட்ட எது அகல இலையா இருக்கோ அது.

அகல இலைன்னதும் என் சதுர்த்திப் புல் ஞாபகம் வருது. இலை கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அகலம், நுனி கூர் இல்லாம மழுங்கி, தண்டு அமுக்கி வெச்ச மாதிரி தட்டை. பூக்கதிர் உச்சியில் ரெண்டா பிரிஞ்சு ஆங்கில வி மாதிரி நிக்கும், சில சமயம் கீழே மூணாவது ஒண்ணு. ஆக்சொனோபஸ் கம்ப்ரெசஸ், கார்பெட் கிராஸ். லேடீஸ் ஹாஸ்டல் மரத்தடி நிழலில் இருக்கிறது முழுக்க இதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பாட்டி ஒரு செகண்டில் தள்ளி வெச்சதுல தப்பே இல்லை.

இப்போ அருகு. இங்கேதான் கஷ்டம், இங்கேதான் நாங்க விழுந்தோம்.

அருகு பூத்திருந்தா பிரச்சினை கொஞ்சம் குறைவு. தண்டு உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து நாலஞ்சு மெல்லிசு விரல் விரியும். சைனோடான் டாக்டிலான்ங்கிற அதோட பேரிலேயே விரல் இருக்கு, டாக்டிலோஸ்னா கிரேக்கத்தில் விரல். ஆனா விரல் விரிக்கிற புல் இது ஒண்ணு மட்டும் இல்லையே! காக்காய்க்கால் புல்லும் விரிக்கும். அதுக்கு விரல் குட்டையா, தடியா இருக்கும், ஒவ்வொரு விரல் நுனியும் நகம் மாதிரி மொட்டையா நீட்டிட்டு இருக்கும். லென்ஸ் கூட வேண்டாம், தடவினாலே தெரியும். மயில்கொண்டைப் புல் ஊதாக் கலரில் மெத்துன்னு இருக்கும். பஸ் ஸ்டாப் ஓரம் நிக்கிறது அதுதான், அதை யாரும் குழப்பிக்க மாட்டீங்க. அப்புறம் அக்கா காட்டு ராகின்னு சொன்னது. எலூசின் இண்டிகா. அடிப்பாகம் தட்டையா, வெள்ளையா, விசிறி மாதிரி மண்ணோட அமுங்கி இருக்கும். கதிரில் பல சமயம் ஒரு விரல் மட்டும் மத்ததைவிட்டுக் கொஞ்சம் கீழே தனியா முளைச்சிருக்கும். அதைப் பிடுங்க முயற்சி பண்ணுங்க, ஜிம் போக வேண்டியதில்லை. அக்கா வெச்ச பேர் சும்மா இல்ல, நிஜமாவே கேழ்வரகுக்கும் அதுக்கும் ரத்த சம்பந்தம் உண்டு. கேழ்வரகோட மரபணுத் தொகுதியில் ஒரு பாதி இந்தப் புல்லோட வம்சத்திலிருந்து வந்தது.

ஆனா லானில் பூ எங்கே இருக்கும்? வாரா வாரம் மெஷின் ஓட்டுறாங்களே. பூ போயிட்டா, இலையை மட்டும் வெச்சு எப்படிச் சொல்றது?

அக்காவோட முறை, இழுத்துப் பார்க்கிறது. அருகை ஒரு நுனியைப் பிடிச்சு மெதுவா இழுத்தா நூல் மாதிரி ஓடி வரும், கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். மண்ணுக்கு மேலயும் ஓடும், மண்ணுக்குள்ளயும் ஓடும். உள்ளே ஓடறது வெள்ளையா, கெட்டியா, நுனி கூரா இருக்கும். கல்யாணத்துல ஆலையும் அருகையும் சொல்லி வாழ்த்துவாங்களே, அருகுக்கு அங்கே என்ன வேலைன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

இதுக்கு நடுவுல நான் ஒரு புத்தகம் கண்டுபிடிச்சேன். தென்னிந்தியப் புற்கள் பற்றி கே. ரங்காச்சாரியார் எழுதின கையேடு, 1921ல் மெட்ராஸ் கவர்ன்மெண்ட் பிரஸ் வெளியிட்டது. அவர் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் தாவரவியலாளரா இருந்தவர். இன்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிற அதே இடம், நம்ம காலேஜிலிருந்து பஸ் போகும். குட்டன்பர்க் தளத்தில் இலவசமா இருக்கு. சமவெளியில் சாதாரணமா கிடைக்கிற நூறு புல் வரைக்கும், கோட்டோவியங்களோட. கூகுள் இமேஜஸ் எனக்குக் காட்டாததை அந்தப் படங்கள் காட்டினது. ஏன்னா வரைஞ்சவர் எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சு வரைஞ்சிருக்கார்.

எதைப் பார்க்கணும்? லிகியூல். புல்லோட இலை தண்டிலிருந்து நேரா கிளம்பறது இல்லை. அடிப்பாகம் சட்டைக்கை மாதிரி தண்டைச் சுத்திப் போர்த்தியிருக்கும். மேல்பாகம்தான் நாம இலைன்னு சொல்றது. ரெண்டும் சேர்ற மூட்டில், உள்பக்கமா, ஒரு குட்டி விளிம்பு நிக்கும். இலையை லேசா பின்னாடி வளைச்சாத்தான் தெரியும். அருகுக்கு அந்த விளிம்பு ரோம வரிசை. ரெண்டு ஓரத்திலும் கொஞ்சம் நீளமான முடி. டிஜிடேரியான்னு ஒரு இனம் இருக்கு, அதில் ஒரு ரகம் அருகு மாதிரியே குட்டை இலையோட தரையில் ஊர்ந்து கணுவில் வேர் விடும். மேலிருந்து பார்த்தா அசல் அருகு. ஆனா அதோட லிகியூல் ரோமம் இல்லை, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு சவ்வு. பூ வந்தா விரலும் ரெண்டு மூணோட நின்னுடும்.

ஃபோனில் மாட்டுற முந்நூறு ரூபாய் மேக்ரோ லென்ஸ் ஒண்ணு வாங்கினேன். லைப்ரரி பக்கத்து லானில் அக்கா அருகுன்னு சொன்ன ஒரு திட்டில் பத்து இடம் பார்த்தேன். ஆறு இடம் சவ்வு. அக்காகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் உத்துப் பார்த்தாங்க. "அட, ஆமா. இது வேறதான் போல." அப்புறம் சிரிச்சாங்க. "முடி எண்ணிக் களை எடுத்தா எனக்குச் சம்பளம் எப்போ கண்ணு வரும்?"

எனக்கு அது பிடிச்சிருந்தது. அக்கா சொன்னா எல்லாம் சரின்னும் இல்லை, புத்தகம் சொன்னா எல்லாம் சரின்னும் இல்லை. புத்தகத்துல இல்லாத ஒண்ணை அக்காதான் காட்டினாங்க. கிரிக்கெட் கிரவுண்டில் பிட்ச் சுத்தி இருக்கிறதை அவங்க "கிரவுண்டு அருகு"ன்னு தனியாச் சொல்வாங்க. இலை மெல்லிசு, கணு நெருக்கம், கரும்பச்சை. "இது வெதை கட்டாது கண்ணு, துண்டு துண்டா வெட்டிப் பதிச்சாத்தான் வரும்"னாங்க. தேடிப் பார்த்தா அது நம்ம அருகையும், தென்னாப்பிரிக்க அருகு ஒண்ணையும் சேர்த்து உண்டாக்கின ஹைபிரிட். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் டிஃப்டன் ஊரில் 1950, 60களில் வந்த டிஃப்வே மாதிரி ரகங்கள். ஒரு பக்கம் 36 குரோமோசோம், இன்னொரு பக்கம் 18, பிள்ளைக்கு 27. ஒத்தைப்படை. ஜோடி சேராது, அதனால விதை பிடிக்காது. 1921 புத்தகத்துல அது எப்படி இருக்கும்? அக்காவுக்கு டிரிப்ளாய்டுங்கிற வார்த்தை தெரியாது. ஆனா நடவு போட்ட கை அவங்களோடது.

(மெயின் கேட்டில் செல்ஃபி எடுக்கிற ஊதா ஃபவுண்டன் கிராஸ் பத்தியும் எழுதலாம்னு இருந்தேன், இடம் இல்லை. ஒண்ணு மட்டும். லைப்ரரி படிக்கட்டு ஓரம் கொத்துக் கொத்தா கரும்பச்சையா வெச்சிருக்கிற மோண்டோ கிராஸ் புல்லே இல்லை. தண்ணீர்விட்டான் கிழங்கோட குடும்பம். ஊதாப் பூவும் நீலக் காயும் வரும். பேரை நம்பாதீங்கன்னு ஏற்கெனவே சொன்னேன்.)

இப்போ எங்க ஃபோல்டருக்கு வருவோம். படங்களில் லொகேஷன் பதிவாகியிருந்ததால, அருகு ஃபோல்டரில் இருந்த 640 படங்களின் இடத்துக்கும் திரும்பப் போய் மண்டி போட்டுப் பார்த்தோம். நானும் ரூம்மேட்டும். நாட்டு அருகு 231. கிரவுண்டு அருகு 148. டிஜிடேரியா 96. காட்டு ராகி, காக்காய்க்கால் எல்லாம் சேர்த்து 60. மிச்சம் 105, சொல்லவே முடியல. மெஷின் ஓட்டிட்டாங்க, இல்லைன்னா ஃபோன் காட்டின இடம் நாலு மீட்டர் தள்ளி. களை ஃபோல்டர் அதைவிட மோசம். மெஸ்ஸுக்குப் பின்னாடி எடுத்ததெல்லாம் அதில்தான் கிடந்தது. காரணம், அங்கே மெஷின் போகாது, அருகு முழங்கால் வரை வளர்ந்து பூத்து அசிங்கமா இருந்தது. அழகா இல்லைன்னா களை. எங்க ரூல்தான்.

அப்போ 94 எப்படி வந்தது? மாடல் எங்கே பார்க்குதுன்னு ஹீட்மேப் எடுத்துப் பார்த்தோம். இலையை அது பார்க்கவே இல்லை. கொரியன் படம் எல்லாம் அட்மின் பிளாக் மர நிழலில் காலையில் எடுத்தது. அருகு எல்லாம் கிரவுண்டு பக்கம் நாலு மணி வெயிலில், செம்மண் தெரிய எடுத்தது. மாடல் நிழலையும் மண்ணையும் பிரிச்சுக் காட்டிட்டு இருந்திருக்கு. அதோட, நடந்துகிட்டே வரிசையா எடுத்ததால ஒரே திட்டோட படங்கள் டிரெயினிங்கிலும் டெஸ்டிலும் கலந்திருந்தது. கேள்வித்தாளை முன்னாடியே பார்த்துட்டு எழுதின பரீட்சை. திட்டு திட்டா பிரிச்சு, புது லேபிளோட திரும்ப ஓட்டினோம். 58.

58ஐ ஸ்லைடில் போடலாம்னு நான் சொன்னப்போ டீமில் பெரிய சண்டை. எங்க கோடிங் பையன் கத்தினான். ரிவ்யூவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு, பேனலில் யார் புல்லைப் பிடுங்கிப் பார்க்கப் போறாங்கன்னு கேட்டான். அவன் கேட்டது நியாயம் இல்லைன்னு எனக்குச் சொல்லத் தெரியல. நிஜமாவே யாரும் பிடுங்கியிருக்க மாட்டாங்க. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் நான் லேபுக்குப் போனப்போ அவன் ஜன்னல் பக்கம் நின்னு கீழே மஞ்சளைப் பார்த்துட்டு இருந்தான். ஒண்ணும் சொல்லல. கான்ஃபரன்ஸ் அப்ஸ்ட்ராக்டை அவனே வாபஸ் வாங்கிட்டான்னு எனக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும், அதுவும் ரூம்மேட் சொல்லி.

மெயின்டனன்ஸ் ஆஃபீஸுக்கும் போனோம். மேப் தப்பு, இனி அதை வெச்சு எங்கேயும் மருந்து அடிக்க வேண்டாம்னு லெட்டர் எழுதிக் கொடுத்தோம். வாங்கி ஃபைலில் வெச்சுக்கிட்டாங்க.

அக்காகிட்டதான் சொல்ல முடியல. தினமும் காலையில பக்கத்துல உட்கார்ந்து கணு எப்படிப் பார்க்கணும்னு சொல்லித் தர்றாங்க, எவன் களைன்னு சொன்னான்னு அவங்க கேட்டது மட்டும் என் தொண்டையிலேயே நிக்குது. பத்தாவது நாள் சொல்லிட்டேன். அக்கா, அந்த மேப் நாங்கதான் போட்டோம்.

"தெரியுங் கண்ணு. ஆபீஸ்ல பேப்பரைக் காட்டினாங்களே. நாலு பேர் இருந்துச்சு, படிச்சுச் சொன்னாங்க. நீயா வந்து சொல்லுவீன்னு இருந்தேன்." அப்புறம் கையில் இருந்த கோரையைத் தூரப் போட்டுட்டு, "ஆனா ரொம்ப நாளாக்கிட்டே போ"ன்னாங்க.

ஃபைனல் ரிவ்யூவில் 58ஐத்தான் போட்டோம். ஃபோல்டர் இப்போ ஏழு, அதில் ஒண்ணோட பேர் "தெரியல". பேனலில் ஒரு மேம், போன ரிவ்யூவை விட இவ்வளவு குறைஞ்சது ஏன்னு கேட்டாங்க. பதில் சொல்ல இருபது நிமிஷம் ஆச்சு. நான் ஒரு பாலிதீன் கவரில் அருகும் டிஜிடேரியாவும் கொண்டு போயிருந்தேன். லென்ஸை வாங்கி ரெண்டு மூட்டையும் மேம் பார்த்தாங்க. பக்கத்துல இருந்த சாரும் வாங்கிப் பார்த்தார். மார்க் இன்னும் வரல. குறையும்னுதான் நினைக்கிறேன்.

ஏப்ரலில் ரெண்டு நல்ல கோடை மழை பெய்ஞ்சதே, அதுக்கப்புறம் தினமும் மஞ்சள் கட்டத்துக்குப் போறேன். மொதல்ல வந்தது என்ன தெரியுமா? கோரை. கிழங்கு உள்ளே பத்திரமா இருந்திருக்கு. அக்கா ஒண்ணும் சொல்லாம என்னைப் பார்த்தாங்க, நானும் ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்து எடுத்தேன். போன வாரம் மேற்கு ஓரத்திலிருந்து நாலு நூல் உள்ளே ஓடி வந்திருக்கு. மூட்டை வளைச்சுப் பார்த்தேன், ரோமம். நடுவுல ஒரு இடத்துல மண்ணைக் கிழிச்சுட்டு வெள்ளையா ஒரு முனையும் வந்திருக்கு. அதைத் தவிர இன்னும் ஒரு பதினஞ்சு இருபது குட்டி இலை அங்கங்கே. அது எதுன்னு சொல்ல முடியல, மூட்டு விரிக்கிற அளவுக்கு இன்னும் வளரல. அக்காவைக் கேட்டேன். பூ வரட்டும்னாங்க.

சேலைக் கிழிசல் இன்னும் கட்டித்தான் இருக்கு. மெஸ்ஸுக்கு அந்த வழியா ஷார்ட்கட் அடிக்கிறவங்க ஒரு ரெண்டு மாசத்துக்குச் சுத்திப் போங்க, ப்ளீஸ்.